கைப்பிடிக்குக் கீழே ஒரு ஜோடி செருப்பு

பிரிவு அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குக் கம்பம் ஏறுவது எப்படி, எர்த் ராடு மாட்டுவது எப்படி என்றெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அதைப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். என்னைவிட நன்றாகவே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஓய்வு பெற்ற லைன் இன்ஸ்பெக்டர் வந்து ரெண்டு வார்த்தை பேசட்டும் என்று போன வாரம் என்னைக் கூப்பிட்டீர்கள். வந்தேன், பேசினேன். ஆரம்பித்தது காற்றுக் காலத்தில் எப்படி எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று. முடித்தது பந்தல்குடி ரோட்டில் எந்தக் கடையில் காரச்சேவு மொறுமொறுப்பாக இருக்கும் என்பதில். நடுவில் எங்கே தடம் மாறினேன் என்று எனக்கே தெரியாது. நீங்களும் மரியாதைக்குச் சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள்.

கூட்டம் முடிந்து நான் வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தபோது உங்களில் ஒருவர் பின்னால் வந்து நின்றார். சாவி என் இடது கையில்தான் இருக்கிறது என்று முதலில் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சார், எனக்கும் ஏ.டி.ஹெச்.டி.ன்னு டாக்டர் சொல்லிட்டாக. ஆபீஸ்ல இன்னும் சொல்லல. சொன்னா லைன் வேலையில இருந்து எடுத்துருவாகளோன்னு பயமா இருக்கு," என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் இன்னொருவர் டீ டம்ளரோடு வந்துவிட்டார். முதலில் வந்தவர் பேச்சை மாற்றிக்கொண்டு போய்விட்டார்.

அவர் யார் என்று நான் சொல்லப் போவதில்லை. நீங்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டாம். பதிலை எல்லோருக்குமாக எழுதுகிறேன். நம் வேலையில் ஒருவர் மேலே இருக்கும்போது இன்னொருவர் கீழே நிற்க வேண்டியிருக்கிறது. ஆகவே இது அவர் ஒருவரின் கவலை இல்லை.

என்னைச் செக்ஷனில் 'பராக்கு' என்று கூப்பிடுவார்கள். முகத்துக்கு நேரே இல்லை, ஆனால் காதில் விழுகிற தூரத்தில். தப்பில்லை, பொருத்தமான பெயர்தான். நரிக்குடிக்கு ஸ்கூட்டரில் போய்விட்டுப் பஸ்ஸில் வீடு திரும்பியிருக்கிறேன். வண்டி எங்கே என்று எஸ்தர் கேட்டபோதுதான் வண்டி என்று ஒன்று நம்மிடம் இருப்பதே நினைவுக்கு வந்தது. எஸ்தர் என் மனைவி, பள்ளிக்கூட ஆசிரியை. ஒரு இடத்தில் ஃபியூஸ் போடப் போவேன், போகிற வழியில் சாய்ந்த கம்பம் ஒன்று கண்ணில் படும், அதைப் பார்க்க இறங்குவேன், அங்கே ஒருவர் மோட்டார் ஓடவில்லை என்பார், அவர் தோட்டத்துக்குப் போவேன். ஃபியூஸ் போன வீட்டுக்காரர் சாயங்காலம் ஆபீஸுக்கு வந்து சத்தம் போடுவார். மாதாந்திர அறிக்கை எழுத உட்கார்ந்தால் பேனாவைக் கழற்றி, ரீஃபிலைப் பார்த்து, ஸ்பிரிங்கைத் தொலைத்துவிட்டு எழுந்திருப்பேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். காற்றடித்து நாலு பக்கமும் லைன் போனால் என்னைப் போல நிதானமான ஆள் இந்த வட்டாரத்திலேயே கிடையாது. எல்லோரும் பதறும்போது என் தலைக்குள் சத்தம் அடங்கிவிடும். எதை முதலில் செய்ய வேண்டும், எதை விடலாம் என்று பளிச்சென்று தெரியும். மறுநாள் வெயிலடித்து எல்லாம் சரியானதும் பழையபடி சாவியைத் தேட ஆரம்பிப்பேன். இந்த ஆள் வேணுமென்றேதான் செய்கிறான், மனம் வைத்தால் ஒழுங்காக இருப்பான் என்று மேலதிகாரிகள் நினைத்ததற்கு இதுதான் காரணம். நானும் பல வருஷம் அப்படித்தான் நினைத்து என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

அப்படி நினைக்காத ஒரே ஆள் காதர். வீரசோழன் ஊர்க்காரர். நானும் அவரும் ஒரே சமயத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். பெரும்பாலும் அவர் ஏறுவார், நான் ஏ.பி. சுவிட்ச் பக்கத்தில் நிற்பேன். வேலைக்கு வெளியே இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன்: கம்பத்தின் உச்சியில் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச் அது. கீழே இடுப்புயரத்தில் ஒரு இரும்புக் கைப்பிடியும் பூட்டும் இருக்கும். கைப்பிடியை இறக்கிவிட்டால் கரண்ட் நிற்கும், ஏற்றினால் வரும். மேலே ஆள் இருக்கும்போது யாராவது ஏற்றிவிட்டால் அதற்கு அப்புறம் பேசுவதற்கு ஒன்றுமில்லை.

நாங்கள் சேர்ந்து வேலை பார்க்க ஆரம்பித்த புதிதில் ஒருநாள் காதர் ஏறப் போகும் முன் தன் செருப்பைக் கழற்றினார். அதைக் கம்பத்தடியில் விடாமல், எடுத்துக்கொண்டு வந்து கைப்பிடிக்கு நேர் கீழே, மூக்கு என்னைப் பார்க்கும்படி வைத்தார். என்ன இது என்று கேட்டேன்.

"ஏலே, ஒன் மனச நான் நம்புறேன். ஒன் மண்டைய நம்ப மாட்டேன். கைப்பிடியத் தொடணும்னா என் செருப்ப மிதிச்சுட்டுத்தான் தொடணும். அப்பவாச்சும் என் நெனப்பு வரும்ல," என்றார்.

எனக்குச் சுருக்கென்று இருந்தது. மறுநாளும் வைத்தார், அதற்கு மறுநாளும். கீழே இறங்கி வந்து அவரேதான் மாட்டிக்கொள்வார். நான் எடுத்துக் கொடுத்தால் வாங்க மாட்டார். கொஞ்ச நாளில் அது எனக்குப் பெரிய நிம்மதியாகிவிட்டது. மேலே யார் இருக்கிறார், யார் இறங்கிவிட்டார் என்று தலைக்குள் போட்டுப் புரட்டிக்கொண்டிருக்க வேண்டாம். குனிந்து பார்த்தால் போதும். மற்றவர்களும் பார்த்துப் பார்த்துச் செய்ய ஆரம்பித்தார்கள். ஷூ கொடுத்த பிறகும், ஷூ மாட்டும்போது கழற்றிய செருப்பைக் கொண்டுவந்து கைப்பிடிக்குக் கீழே வைத்தார்கள். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத இந்த வழக்கம் எங்கள் செக்ஷனில் நிலைத்துவிட்டது. ஏன் வந்தது என்று எனக்கும் காதருக்கும் மட்டும்தான் தெரியும். அவர் யாரிடமும் சொல்லவில்லை. அந்த மனுஷனுக்கு நான் எப்படி நன்றி சொல்வது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

ஐம்பது வயதைத் தாண்டிய பிறகுதான் என் பராக்குக்கு ஒரு பெயர் இருப்பது தெரிந்தது. எஸ்தரின் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. வகுப்பில் உட்கார முடியாத, கவனம் நிற்காத பிள்ளைகளை எப்படிப் புரிந்துகொள்வது என்று ஒரு மனநல மருத்துவர் வந்து பேசியிருக்கிறார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் பையைக்கூட இறக்காமல் என்னையே பார்த்தாள். "ஏங்க, இன்னைக்குப் பூரா ஒங்களப் பத்தித்தான் பேசுனாக," என்றாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு நான் வாசலில் ரேடியோவைப் பிரித்துக்கொண்டிருந்தேன். பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது.

மதுரைக்குப் போனோம். டாக்டர் சின்ன வயதுக்காரர். நிறையக் கேட்டார், எஸ்தரிடமும் தனியாகக் கேட்டார். இதற்கு ஏ.டி.ஹெச்.டி., அதாவது கவனக் குறைபாடு என்று பெயர், இது பிறவியிலேயே இருப்பது, சிறு வயதில் யாரும் கண்டுபிடிக்கவில்லை, சோம்பலும் இல்லை, திமிரும் இல்லை, மூளை கவனத்தை நிர்வாகம் செய்கிற விதம் வேறு, அவ்வளவுதான் என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தேன். மாட்டுத்தாவணியில் அருப்புக்கோட்டை பஸ்ஸுக்கு நிற்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபமும் வந்தது. எத்தனை பேரிடம் எத்தனை பேச்சு வாங்கியிருக்கிறேன். எஸ்தர் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி எனக்கு முன்னால் மறைத்தபடி நின்றுகொண்டாள்.

மாத்திரை ஆரம்பித்த பிறகு ஒரு வித்தியாசம் தெரிந்தது. பக்கத்து வீட்டு மைக் செட்டை யாரோ அணைத்த மாதிரி இருந்தது. மாத்திரை எல்லாவற்றையும் செய்துவிடாது. சாவிக்கு ஒரே ஆணி, ஒரு நேரத்தில் ஒரே வேலை, போனில் அலாரம், இதெல்லாம் நாமாகத்தான் பழக வேண்டும். இன்னொன்று, என் மாத்திரையைக் கேட்டு வாங்கிப் போட்டுப் பார்க்கலாம் என்று யாரும் வந்துவிடாதீர்கள். டாக்டரிடம் போங்கள்.

விஷயத்தைக் காதரிடம் மட்டும் சொன்னேன். "இதுக்குப் போயி மதுர வரைக்கும் பஸ்ஸு ஏறுனியாக்கும். என்கிட்ட கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்ல," என்றார். ஆபீஸில் சொல்லவில்லை. உங்களில் அந்த ஒருவருக்கு இருக்கும் அதே பயம்தான். கம்பத்தடியில் நிற்கிறவனுக்குக் கவனம் நிற்காது என்று எழுத்தில் போனால் மறுநாளே என்னை ஸ்டோரில் உட்கார வைத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். ஸ்டோரில் நட்டும் போல்ட்டும் எண்ணிக்கொண்டு உட்கார்ந்தால் நான் செத்தே போவேன். என் வாழ்க்கையில் நான் உருப்படியாக இருக்கும் ஒரே இடம் காற்றடித்த மறுநாள் லைன்தான். அதைப் பிடுங்கிவிடுவார்களே என்று எஸ்தரிடம்கூடச் சொல்லிப் புலம்பினேன்.

அந்த வருஷக் கோடையில்தான் அந்தக் காற்று அடித்தது. மழை பேருக்குத்தான் பெய்தது; காற்று மட்டும் பிய்த்துவிட்டது. திருச்சுழிக்கும் பந்தல்குடிக்கும் நடுவில் ஒரு கண்மாய்க்கரை ஓரமாகப் போகும் லைனில் கம்பி அறுந்து கிடந்தது. அந்த லைனின் கடைசியில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையம். நான், காதர், இளம் வயர்மேன்கள் இருவர் பைக்குகளில் போனோம். காண்ட்ராக்ட்காரரின் ஆட்கள் ஒரு மேஸ்திரியோடு லோடு ஆட்டோவில் வந்தார்கள். சுவிட்சை இறக்கிப் பூட்டி, சாவியை என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நான் கைப்பிடிக்குப் பக்கத்தில் நின்றேன். வெயில் ஏறுகிற நேரம். சுற்றிலும் கருவேல மரமும் பொட்டலும்தான், ஒதுங்க நிழல் கிடையாது.

வேலை நன்றாகத்தான் போனது. கம்பி இழுத்துக் கட்டியாகிவிட்டது. காண்ட்ராக்ட் ஆட்களை ஏற்றிக்கொண்டு மேஸ்திரி அடுத்த ஊருக்குக் கிளம்பிவிட்டார். எங்கள் ஆட்கள் இறங்கினார்கள், தப்பித்தவறிக் கரண்ட் வந்தாலும் மண்ணுக்குள் இறங்கிவிடும்படி லைனில் மாட்டியிருந்த எர்த் ராடுகளைக் கழற்றினார்கள். இதற்கிடையில் என் போன் ஓயாமல் அடித்தது. ஒரு பக்கம் ஊர்க்காரர்கள், ஒரு பக்கம் பஞ்சாயத்துத் தலைவர், நடுவில் எங்கள் உதவிப் பொறியாளர் மேடம். மேடம் வேறொரு ஊரில் விழுந்த கம்பத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வயதில் சின்னவர், வந்து அதிக நாள் ஆகவில்லை. எல்லோரும் இறங்கியாச்சா என்று கேட்டார். இறங்கியாச்சு மேடம், இதோ போடப் போகிறேன் என்றேன்.

சாவியை எடுத்துக்கொண்டு குனிந்தேன். வயர்மேன்களும் காதரும் செருப்பை மாட்டிவிட்டார்கள். கைப்பிடிக்குக் கீழே இன்னும் ஒரு ஜோடி இருந்தது.

பழைய ரப்பர் செருப்பு. யாருடையது என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. ஆடு மேய்க்கிற எவனாவது விட்டிருப்பான் என்றார் ஒரு வயர்மேன். காண்ட்ராக்ட் ஆள் யாராவது மறந்துவிட்டு ஆட்டோவில் ஏறியிருப்பார் என்றார் இன்னொருவர். எல்லோரும் ஏறிப் போனதை எங்கள் கண்ணால் பார்த்தோம் என்று ரெண்டு பேரும் சேர்ந்து சொன்னார்கள். நானும் பார்த்தேன். ஆட்டோ கிளம்பியது, தூசி பறந்தது, எல்லாம் மனதில் படம் மாதிரி இருக்கிறது. ஆனால் அந்தப் படத்தில் எத்தனை தலை என்று கேட்டால் எனக்குத் தெரியாது. மேஸ்திரிக்குப் போன் போட்டோம். அவர் போன் டவருக்கு வெளியே இருந்தது.

நான் அந்தச் செருப்பை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். அடியில் முள் மேல் முள்ளாகக் குத்தி ஒடிந்து கிடந்தது. சுற்றிப் பார்த்தேன். தரையெல்லாம் காய்ந்த கருவேல முள். இந்தக் காட்டில் செருப்பை விட்டுவிட்டு எவன் நடந்து போவான்? ஆட்டுக்காரன் போக மாட்டான். அடுத்த ஊரில் இதே முள்ளில் நின்று வேலை பார்க்க வேண்டியவனும் மறக்க மாட்டான். ஆட்டோ வரைக்கும் நடப்பதற்குள் கால் சொல்லிவிடும். அப்படியானால் இதைக் கழற்றி வைத்தவன் இன்னும் திரும்பி வரவில்லை.

அப்போது மேடத்தின் போன் மறுபடி வந்தது. குரல் மாறியிருந்தது. சுகாதார நிலையத்தில் பிரசவம் ஆகியிருக்கிறது, குழந்தை எடை குறைவு, சூடு கொடுக்கிற மெஷினில் வைக்க வேண்டும், ஜெனரேட்டர் கிளம்பவில்லை, ஆம்புலன்ஸ் வருகிற வழியில் மரம் விழுந்து கிடக்கிறது, உடனே போடுங்கள் என்றார். ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது.

போட முடியாது என்றேன். ஒரு ஜோடி செருப்பு கிடக்கிறது என்றேன்.

"எல்லாரும் இறங்கியாச்சுன்னு இப்பத்தானே சொன்னீங்க?" என்றார்.

"சொன்னேன் மேடம்."

"அப்ப பார்த்தீங்களா, பார்க்கலையா?"

அந்த இடத்தில் நான் ஏதாவது சமாளித்திருக்கலாம். முப்பது வருஷமாகச் சமாளித்துப் பழகிய வாய்தான். ஆனால் சமாளித்தால் அந்தப் பேச்சு நிற்காது. பார்த்தேன் என்றால் போடு என்பார். பார்க்கவில்லை என்றால் வயர்மேன்கள் பார்த்திருக்கிறார்கள், போடு என்பார். ஒரு பக்கம் குழந்தை. இன்னொரு பக்கம் இருக்கிறானோ இல்லையோ என்று தெரியாத ஒரு ஆள்.

"மேடம், எனக்கு ஏ.டி.ஹெச்.டி. இருக்கு. மதுரையில டாக்டர் பாத்துச் சொல்லிட்டாக. வேலையில இருந்து எடுத்துருவீகன்னு மறைச்சுட்டேன். எல்லாரும் போயாச்சுன்னுதான் என் மண்டையும் சொல்லுது. இந்தச் செருப்பு போகலன்னு சொல்லுது. என் மண்டைய நம்பி நான் இத்தன வருசம் சுவிட்ச் போட்டதில்ல, இன்னைக்கும் போட மாட்டேன்."

வயர்மேன்கள் ரெண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். காதர் மட்டும் பார்க்கவில்லை, பைக்கை உதைத்துக்கொண்டிருந்தார். பிறகு மேடம், தேடுங்கள், சுகாதார நிலையத்துக்கு நான் பேசிக்கொள்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டார்.

காதர் கரையோரமாக லைனைப் பார்த்தபடி ஒரு பக்கம் போனார். ஒரு வயர்மேன் இன்னொரு பக்கம் ஓடினார். போன் மறுபடி அடிக்க ஆரம்பித்தது. அதைத் தூக்கி மற்ற வயர்மேனிடம் கொடுத்து, நீ பேசு, யார் கேட்டாலும் நான் இல்லை என்று சொல் என்றேன். சாவியைக் கையில் இறுக்கிக்கொண்டு முள்ளைத் தள்ளிவிட்டுக் கைப்பிடிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்தச் செருப்பை மடியிலேயே வைத்திருந்தேன். அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆகி, இந்தச் செருப்பு ஆட்டுக்காரன் தூக்கிப் போட்ட செருப்பாக இருந்தால் எப்படி வாழ்வேன் என்று நினைத்தேன். பிரார்த்தனை செய்ய முயன்றேன், வார்த்தை ஓடவில்லை. கையில் இருந்த சாவியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கரை வளைகிற இடத்தில், பனைகளுக்குப் பின்னால், இங்கிருந்து பார்த்தால் தெரியாத ஒரு கம்பத்தில் காதர் அவரைக் கண்டுபிடித்தார். பெயர் முருகேசன். காண்ட்ராக்டில் புதிதாகச் சேர்ந்தவர், நாற்பது வயது இருக்கும். காற்றில் பறந்து வந்த பனை மட்டை ஒன்று கம்பிகளுக்கு நடுவில் சிக்கியிருக்கிறது, போய் எடுத்துவிட்டு வா என்று மேஸ்திரி அனுப்பியிருக்கிறார். அனுப்பிவிட்டு மற்றவர்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். காதர் போய்ச் சேர்ந்தபோது முருகேசன் ரெண்டு கையாலும் கம்பியைப் பிடித்து மட்டையை உருவிக்கொண்டிருந்தாராம். திடுக்கிட்டு விழுந்துவிடக் கூடாது என்று காதர் சத்தம் போடவில்லை. அடியில் போய் நின்று, டீ குடிக்கக் கூப்பிடுகிற மாதிரி, வேலை முடிந்தது இறங்கி வாங்க என்று சொல்லியிருக்கிறார்.

பைக்கின் பின்னால் உட்கார்ந்து முருகேசன் வந்து இறங்கினார். குதிகாலில் முள் குத்தி ரத்தம். எங்களை எல்லாம் பார்த்துவிட்டு, ஆட்டோ நின்ற இடத்தைப் பார்த்தார். நேரமாகிவிட்டதா, மேஸ்திரி கோபித்துக்கொண்டு போய்விட்டாரா என்று கேட்டார். நான் செருப்பை நீட்டினேன். வாங்கி மாட்டிக்கொண்டார்.

இங்கே செருப்பை வைக்கச் சொன்னது யார் என்று கேட்டேன்.

"யாரும் சொல்லல சார். எல்லாரும் விட்டிருந்தாக. கோயில்ல விடுற மாதிரி, இங்கனயும் விட்டுட்டுத்தான் ஏறணும் போலன்னு நானும் விட்டேன்," என்றார்.

காதர் அப்படியே கரையில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். நான் ஆட்களை ஒவ்வொருவராகக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுச் சுவிட்சை ஏற்றினேன். சுகாதார நிலையத்தில் நர்ஸம்மா அதுவரை குழந்தையைத் தாயின் மார்போடு அணைத்து வைத்துத் துணியால் சுற்றிக் காப்பாற்றியிருந்தார். பிள்ளை நன்றாக இருப்பதாகச் சாயங்காலம் மேடம் சொன்னார். அந்த நர்ஸம்மாவை நான் பார்த்ததில்லை. என் ஜெபத்தில் அவருக்கு இன்றும் இடமிருக்கிறது. மேஸ்திரியை நான் திட்டவில்லை. ஒரு ஆளையே மறந்துவிட்டுப் போன அவருக்கு எந்த டாக்டரும் எந்தப் பெயரும் வைக்கவில்லை என்பதை மட்டும் கவனித்து வைத்துக்கொண்டேன்.

மறுநாள் மேடம் கூப்பிட்டார். தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு போனேன். ஸ்டோர்தான் என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். மேடம் உட்காரச் சொன்னார். கம்பம் ஏறலாமா, மாத்திரை மயக்கம் தருமா என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கி வரச் சொன்னார். மறைத்தது தப்பு என்று சொன்னார். அதற்கு நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு அவர் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை.

"நானும் எல்லாரும் இறங்கியாச்சான்னுதான் கேட்டேன். யார் யார்னு கேக்கல. உங்களை எடுக்கணும்னா என்னையும் சேர்த்துத்தான் எடுக்கணும். உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க."

என்ன வேண்டும் என்று அதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை. யோசித்துப் பார்த்து, சுவிட்ச் பக்கத்தில் நிற்கும்போது என் கையில் போன் வேண்டாம் மேடம் என்றேன். அன்றிலிருந்து எங்கள் செக்ஷனில் சுவிட்சுக்கு நிற்கிற ஆளுக்குப் போன் கிடையாது. பேசுவதற்கு வேறு ஆள். காண்ட்ராக்ட் ஆட்கள் எங்கள் ஆள் கூட இல்லாமல் ஏறக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். மாதாந்திர அறிக்கைக்கு ஒரு வழி காதர் கண்டுபிடித்தார். நான் எழுதி முடிக்கும் வரை எதிரில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். உதவி ஒன்றும் செய்ய மாட்டார், சும்மா உட்கார்ந்திருப்பார். ஆள் எதிரில் இருந்தால் எனக்குப் பேனா நகரும். டாக்டரிடம் சொன்னபோது இது நல்ல வழி, விடாதீர்கள் என்றார்.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். மாத்திரை அளவு நிலைக்கும் வரை ஏறக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார், ஏறவில்லை. அது பரவாயில்லை. அன்று கூட இருந்த வயர்மேன்களில் ஒருவர், சுவிட்சுக்கு வேறு ஆளைப் போடும்படி மேடத்திடம் கேட்டது என் காதுக்கு வந்தது. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. சின்னக் குழந்தை இருக்கிற வீடு. ஆனால் வலித்தது. அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இதையும் உங்களில் அந்த ஒருவர் தெரிந்துகொள்ள வேண்டும். சொன்னால் சில பேர் தள்ளி நிற்பார்கள்.

கொஞ்ச நாள் கழித்து நரிக்குடிப் பக்கம் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வேலை. காதர் லீவு. சுவிட்சை இறக்கிப் பூட்டிவிட்டு நின்றேன். வேறு ஆளைப் போடச் சொன்ன அந்த வயர்மேன் ஷூவின் கயிற்றைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக ஏறாமல் நேரத்தைக் கடத்திக்கொண்டிருந்தார். எனக்குப் புரிந்தது. வேறு யாரையாவது நிற்கச் சொல்லிவிடலாம் என்று சாவியைக் கையில் எடுத்தேன். அப்போது கயிற்றுச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு முருகேசன் வந்தார். அதிகம் பேசாத மனுஷன்.

"சார், ஒங்களுக்கு மண்டையில ஏதோ மறதிச் சீக்காம்ல. பயலுக பேசிக்கிறாக."

ஆமாம் என்றேன்.

"மேஸ்திரி என்னய மறந்துட்டாக. நீங்க மறக்கல."

"நானும் மறந்துதான் போனேன் முருகேசு. குனிஞ்சு பாத்தேன், அவ்வளவுதான்."

அவர் தோளில் இருந்த கயிற்றுச் சுருளை இறக்கி வைத்தார்.

"அதான் சார் வேணும். இனிமே நான் ஏறும்போது நீங்கதான் கீழ நிக்கணும்," என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றிக் கைப்பிடிக்குக் கீழே வைத்தார். அவர் ஏற ஆரம்பித்ததும் அந்த வயர்மேனும் தன் செருப்பைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு ஏறினார்.